நாலாயிரம் வெள்ளி வச்சிருக்கவன் 588 வெள்ளி குடுத்து பங்கு டிப்ஸ் வாங்கலாமா?

போன மாசம் அக்கா மகன் ஈப்போவுல இருந்து வந்திருந்தான், ஃபேக்டரியில டெக்னீஷியன் வேலை, ரெண்டு வருஷமா ஓவர்டைம் எல்லாம் செஞ்சு நாலாயிரம் வெள்ளி (மலேசிய ரிங்கிட்) சேத்து வச்சிருக்கான். ஞாயித்துக்கிழமை காலையில சுங்கை சிப்புட் டவுன்ல வழக்கமா போற கடையில தோசைய பிச்சுக்கிட்டு இருக்கும்போது போனை என் பக்கம் நீட்டுனான். "மாமா, இது பங்கு நியூஸ்லெட்டரு, வருஷத்துக்கு 588 வெள்ளி, மாசம் ரெண்டு பங்கு சொல்லுவாங்களாம், நீங்களும் முன்னாடி இந்த மாதிரி ஏதோ ஒண்ணுல இருந்தீங்கள்ல, நம்பலாமா?"

விலையில எட்டு இல்லாம இந்த நாட்டுல எவனும் எதையும் விக்க மாட்டான் போல, அத விடுங்க. நான் இருந்தது உண்மை, ரெண்டு வருஷம் காசு கட்டி இருந்தேன். ஆனா தோசை ஆறுறதுக்குள்ள சொல்லி முடிக்கிற பதில் இல்ல இது, அதனால வீட்டுக்கு வந்து உக்காந்து எழுதுறேன், தோட்டத்து பசங்க வேற ரெண்டு மூணு பேரு இதே கேள்விய கேட்டிருக்காங்க. நான் பங்கு நிபுணரு கிடையாது, செம்பனை (பாம் ஆயில்) மில்லுல வேபிரிட்ஜ் கிராணி, லாரி எடைய கணக்கு எழுதுற வேலை. லாரி பழத்தோட வரும்போது ஒரு தடவ நிறுப்பேன், இறக்கிட்டு போகும்போது காலி வண்டிய ஒரு தடவ நிறுப்பேன், ரெண்டையும் கழிச்சாதான் பழத்தோட எடை. ஏத்தி வந்த எடைய மட்டும் பார்த்து பில்லு போட்டேன்னா தவுக்கே, அதான் முதலாளி, அன்னைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாரு. நியூஸ்லெட்டர் விளம்பரத்துல நாம பாக்குறது எல்லாமே ஏத்துன எடைதான், காலி வண்டிய எவனும் நிறுத்துக் காட்டுறதில்ல.

சரி, மொதல்ல கழிச்சுப் பாப்போம். நாலாயிரத்துல 588ன்னா நூத்துக்கு 14.7. இந்த நாலாயிரத்த பேசாம தொழிலாளர் சேமநிதியில, அதான் இபிஎஃப்ல, சொந்தமா போட்டிருந்தா, 2024க்கு அவங்க அறிவிச்ச டிவிடெண்ட் 6.30 சதவீதம், அதுல 252 வெள்ளி வந்திருக்கும். 588ஐ தனியா கைக்காசுல குடுத்தான்னு வச்சுக்கிட்டாலும் ரெண்டையும் கூட்டுனா 840, அதாவது நாலாயிரத்துல நூத்துக்கு 21. பங்குல 21 சதவீதம் சம்பாதிச்சாதான் இவன் ஒண்ணுமே செய்யாம இபிஎஃப்ல போட்டுட்டு தூங்குனவன் பக்கத்துல வந்து நிப்பான், முந்துறதுக்கு அதுக்கு மேல வேணும். 21 சதவீதம் வருஷா வருஷம் எடுக்கிறவனுக்கு 588 வெள்ளி சந்தா வித்து பொழைக்க வேண்டிய அவசியமே இல்ல, இது நான் கிண்டலுக்கு சொல்லல. அதே நியூஸ்லெட்டர அறுபதாயிரம் வச்சிருக்கவன் வாங்கினா அவனுக்கு அது ஒரு சதவீதம்கூட இல்ல. அதனால ஒரே சரக்கு ஒருத்தனுக்கு மலிவு, இன்னொருத்தனுக்கு கொள்ள விலை, இந்த எடத்துலதான் புதுசா வர்ற பசங்க நெறைய பேரு தடுக்கி விழுறாங்க, அவன் நேர்மையானவனா திருடனான்னு தேடுறதுக்கு முன்னாடியே விஷயம் முடிஞ்சு போயிடுது.

இன்னொரு செலவும் இருக்கு. மாசம் ரெண்டுன்னா வருஷத்துக்கு 24 பங்கு, எல்லாத்தையும் சமமா வாங்குறேன்னு உக்காந்தா ஒரு பங்குக்கு 166 வெள்ளிதான் வருது, பூர்சாவுல, அதாவது மலேசிய பங்குச் சந்தையில, ஒரு லாட் 100 யூனிட், அப்ப 1 வெள்ளி 66 சென்னுக்கு மேல விலை இருக்கிற எந்த பங்கையும் ஒரு லாட்டுகூட வாங்க முடியாது. வாங்க முடிஞ்சதுலயும் என் புரோக்கர் ஒரு தடவைக்கு குறைஞ்சது 8 வெள்ளி எடுக்குறாரு, வாங்க எட்டு விக்க எட்டு, 166ல 16 வெள்ளி போச்சு, கிட்டத்தட்ட பத்து சதவீதம். ஸ்டாம்ப் டியூட்டி, கிளியரிங் எல்லாம் அதுக்கு மேல, அது சில்லறைதான்.

இப்ப என் கதைக்கு வர்றேன். நான் சேர்ந்திருந்தது உள்ளூர் நியூஸ்லெட்டர், பேரு வேணாம், எழுதுனவங்க லைசென்ஸ் உள்ளவங்க, ஏமாத்துக்காரங்கன்னு நான் இன்னைக்கும் சொல்ல மாட்டேன், எழுத்தும் நல்லாவே இருக்கும், கம்பெனி என்ன செய்யுது, கடன் எவ்வளவு, யாரு முதலாளின்னு பத்து பக்கம். நான் ஒரே ஒரு புத்திசாலித்தனமான வேலை செஞ்சேன், மொத மாசத்துல இருந்தே ஒட்டுக்கடையில 555 புக்கு ஒண்ணு வாங்கி ஒவ்வொரு பங்கையும் எழுதி வச்சேன், அவங்க சொன்ன தேதி, அவங்க போட்ட விலை, நான் நெசமா வாங்கின விலை. தாத்தா காலத்துல கடன் எழுதுன அதே சைஸ் புக்கு, சட்டைப் பையில அடங்கும்.

அதுல ஒரு பக்கத்த மட்டும் சொல்றேன். ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி 8.40க்கு இமெயில் வந்துச்சு, ஏஸ் மார்க்கெட்ல (வளர்ற சின்ன கம்பெனிங்களுக்கு பூர்சாவுல இருக்கிற பிரிவு) ஒரு சின்ன கம்பெனி, வெள்ளிக்கிழமை முடிஞ்ச விலை 62 சென். திங்கக்கிழமை 9 மணிக்கு மார்க்கெட் திறக்கும்போது நான் லாரி வரிசைக்கு முன்னாடி நிக்கிறேன், ஆறு லாரிய நிறுத்து அனுப்பிட்டு 9.25க்கு போனை பாத்தா 69, ஆர்டர் போட்டு கிடைச்சது 70.5 சென்னுக்கு, 2,000 யூனிட், 1,410 வெள்ளி. ஏன் ஏறுச்சுன்னா அந்த கம்பெனியில தினமும் கைமாறுறதே கொஞ்சம் யூனிட்தான், என்ன மாதிரி சந்தா கட்டுன அத்தன பேரும் ஒரே காலையில ஒரே கதவு வழியா நுழைஞ்சா விலை ஏறாம என்ன செய்யும், கம்பெனியில ஒண்ணும் மாறல, நாங்கதான் ஏத்துனோம். மூணு மாசம் கழிச்சு விலை 66 சென். நியூஸ்லெட்டர் பட்டியல்ல அந்த பங்கு பச்சை கலர்ல நிக்குது, 62ல இருந்து 66, 6.5 சதவீதம் லாபம். என் 555ல அதே பங்கு, 70.5ல இருந்து 66, 6.4 சதவீதம் நட்டம், 90 வெள்ளி. ரெண்டு பேருமே பொய் சொல்லல, அவங்க எடுத்தது அவங்க விலை, நான் குடுத்தது என் விலை. ரெண்டாவது வருஷம் முடியிறப்ப அவங்க பட்டியல் மொத்தத்துல லாபத்துல இருந்துச்சு, என் புக்கு சந்தாவையும் சேத்து கழிச்சா நட்டத்துல இருந்துச்சு. அதுக்கப்புறம் ரினியூ பண்ணல, பண்ணலன்னு சொல்றதவிட பண்ண விடாம நிறுத்துனேன்னு சொல்லணும், கார்டுல தானா வெட்டிக்கிற ஏற்பாட்டுல ஏற்கனவே டிக் போட்டு வச்சிருந்தாங்க, சேரும்போதே அத பாத்து எடுத்து விட்டுடுங்க.

இன்னொண்ணும் கவனிச்சேன், பட்டியல்ல இருந்து சில பங்கு காணாம போகும். நல்லா அடி வாங்கின பங்கு ஒண்ணு, ஒரு மாசம் பாத்தா இல்ல, தேடிப்போனா கடைசி பக்கத்துல சின்ன எழுத்துல இனிமே இந்த கம்பெனிய நாங்க பாக்கப்போறதில்லன்னு ஒரு வரி. அது கணக்குல சேருமா சேராதான்னு நான் கேட்டதுக்கு பதில் சுத்தி வளைச்சு வந்துச்சு. அதனால எந்த நியூஸ்லெட்டர பாத்தாலும் நான் மொதல்ல கேக்குறது, ஆரம்பிச்ச நாள்ல இருந்து இன்னைக்கு வரைக்கும் சொன்ன எல்லா பங்கும், செத்ததும் சேத்து, ஒரே எடத்துல தேதியோட இருக்கா. இல்லன்னா பேச்சு முடிஞ்சது.

இது எப்படின்னா, எங்க தோட்டத்துல முன்னாடி ஒரு சாமியாடி இருந்தாரு, லாட்டரிக்கு நாலு நம்பர் சொல்லுவாரு. வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் ஆள் ஆளுக்கு காதுல ஒரு நம்பர் சொல்லுவாரு, ஒவ்வொருத்தருக்கும் வேற வேற நம்பர். ஞாயித்துக்கிழமை யாருக்காவது அடிச்சிட்டா அடிச்சவரு தேங்கா, வேட்டி, சேவல்னு தூக்கிக்கிட்டு மேளத்தோட வருவாரு, தோட்டமே பாக்கும். அடிக்காத முப்பது பேரு என்ன செய்வாங்க, நம்ம நேரம் சரியில்லன்னு வாய மூடிக்கிட்டு மறுநாள் ரப்பர் மரத்துல பால் வெட்டப் போயிடுவாங்க. சாமியாடிக்கு தப்பே ஆகாது. விளம்பரத்துல வர்ற "நாங்க சொன்ன பங்கு 400 சதவீதம்" எல்லாம் அந்த மேளச் சத்தந்தான், நான் தேடுறது வாய மூடிக்கிட்ட முப்பது பேர.

படிச்சவங்க இத எப்பவோ எண்ணிப் பாத்துட்டாங்க. அமெரிக்காவுல ஆல்ஃப்ரட் கோல்ஸ்னு ஒருத்தர் 1933லயே வெளியிட்டாரு, 1928 ஜனவரியில இருந்து 1932 ஜூலை வரைக்கும் 16 ஆலோசனை சேவைங்க குடுத்த சுமார் 7,500 பங்கு சிபாரிச எடுத்து கணக்கு பாத்தா, சராசரி பங்கவிட வருஷத்துக்கு 1.43 சதவீதம் கம்மியா வந்திருக்கு. நம்ம பாட்டிங்க கப்பல்ல வந்து எறங்கிக்கிட்டு இருந்த காலம் அது. அப்புறம் 1999ல ஆண்ட்ரூ மெட்ரிக்னு ஒரு பொருளாதார ஆய்வாளர் 153 நியூஸ்லெட்டர் சொன்ன பங்குங்கள ஒண்ணு ஒண்ணா பாத்து, பங்கு பொறுக்குற திறமை இருக்கிறதுக்கு பெருசா ஆதாரம் இல்லன்னு எழுதுனாரு. ஏன் இப்படி ஆகுதுங்கறதுக்கு எனக்கு புரிஞ்ச காரணம் 2018ல வந்த பெசெம்பைண்டரோட ஆய்வுல இருக்கு, 1926ல இருந்து 2016 வரைக்கும் அமெரிக்க பங்குச் சந்தை அரசாங்க பத்திரத்துக்கு மேல சம்பாதிச்சு குடுத்த மொத்த செல்வமும் வெறும் 4 சதவீத கம்பெனிங்ககிட்ட இருந்து வந்திருக்கு, மத்ததெல்லாம் சேந்து பத்திரத்துல போட்ட அளவுக்குத்தான். தோட்டத்துல நூறு மரத்துல நாலு மரந்தான் பால் குடுக்குதுன்னா, பத்து மரத்த பொறுக்கி வாங்குறவன் அந்த நாலையும் விட்டுட்டு நிக்கிறதுதான் சாதாரணமா நடக்கும்.

அதனாலதான் சராசரிய காட்டுனா நான் நம்புறதில்ல. வெளிநாட்டு பெரிய நியூஸ்லெட்டர்கள எடுத்துக்குங்க, மோட்லி ஃபூல்னு ஒண்ணு இருக்கு, 1993ல ஆரம்பிச்சது, அவங்களோட பங்கு சிபாரிசு சேவை 2002ல இருந்து ஓடுது, மாசம் ரெண்டு பங்கு, பழைய சிபாரிசு எல்லாம் சந்தாதாரர் பாக்கலாம், அந்த ஒரு விஷயத்துல நம்ம ஊரு ஆளுங்க கத்துக்கணும். ஆனா இந்த மாதிரி பட்டியல்ல ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி வாங்கி நூறு மடங்கு ஏறுன ஒண்ணு ரெண்டு பங்கு இருந்தா சராசரி வானத்துல நிக்கும், இன்னைக்கு சேர்றவனுக்கு அந்த பங்கு அந்த விலையில கிடைக்காது. நடுவுல நிக்கிற பங்கு என்னாச்சு, கடைசி மூணு வருஷத்துல சொன்னது மட்டும் என்னாச்சுன்னு பாக்கணும். எங்க ஆளுங்களுக்கு இன்னும் ரெண்டு செலவு இருக்கு, வெள்ளிய டாலரா மாத்துறப்பவும் திருப்புறப்பவும் போறது ஒண்ணு, மலேசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் வருமான வரி ஒப்பந்தம் இல்லாததால டிவிடெண்ட்ல 30 சதவீதம் அங்கயே வெட்டிக்கிறது இன்னொண்ணு. நாலாயிரம் வெள்ளிக்காரனுக்கு இது தேவையே இல்லாத தலைவலி, ஆனா ஏஸ் மார்க்கெட் பங்கு மாதிரி சந்தாதாரங்க சேந்து விலைய ஏத்திவிடுற கூத்து பெரிய அமெரிக்க கம்பெனிங்கள்ல அவ்வளவா நடக்காது, அத ஒத்துக்கணும்.

லைசென்ஸ் விஷயம் ரெண்டு ஊருக்கும் தலைகீழ். அமெரிக்காவுல 1985ல லோவ்னு ஒருத்தரோட வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, குற்றத்தீர்ப்பு வாங்கி ஆலோசகர் பதிவே ரத்தான ஆளு, அப்புறமும் நியூஸ்லெட்டர் போட்டுக்கிட்டு இருந்தாரு, கோர்ட் என்ன சொல்லுச்சுன்னா தனித்தனி ஆளுக்கு ஆலோசனை சொல்லாம பொதுவா எல்லாருக்கும் எழுதி வித்தா அது பத்திரிகை மாதிரி, பதிவு தேவையில்லன்னு. அதாவது அங்க எழுதுறவனுக்கு லைசென்ஸ் இருக்கணும்னு கட்டாயம் கிடையாது. இங்க 2007 மூலதனச் சந்தை சட்டத்துல முதலீட்டு ஆலோசனைய தொழிலா செய்யணும்னா செக்யூரிட்டீஸ் கமிஷன், பேப்பர்ல பங்கு ஆணையம்னு போடுவாங்க, அவங்க லைசென்ஸ் வேணும், இல்லாம செஞ்சா 1 கோடி வெள்ளி வரைக்கும் அபராதம், 10 வருஷம் வரைக்கும் ஜெயில், ரெண்டுமேகூட. அவங்க இணையதளத்துல லைசென்ஸ் உள்ளவங்க பதிவேடு இருக்கு, கம்பெனி பேரையும் போட்டு பாருங்க, எழுதுற ஆளோட பேரையும் போட்டு பாருங்க, ரெண்டு நிமிஷ வேலை. எச்சரிக்கை பட்டியல்னும் தனியா ஒண்ணு இருக்கு, அதுலயும் தேடுங்க. லைசென்ஸ் இருந்தா பங்கு ஏறும்னு அர்த்தம் இல்ல, லாரி ஓட்ட லைசென்ஸ் வச்சிருக்கவன் எல்லாம் நல்லாவா ஓட்டுறான், எங்க மில்லு வாசல்ல வந்து பாருங்க. லைசென்ஸ் இருந்தா தப்பு நடக்கும்போது சட்டைய பிடிக்க ஒரு ஆள் இருக்கும், அவ்வளவுதான். அதுவும் பெரிய விஷயந்தான், நிதிச் சந்தை குறைதீர்ப்பாளர் சேவைன்னு 2025 ஜனவரியில இருந்து ஒரு அமைப்பு இருக்கு, அதுல உறுப்பினரா இருக்கிற லைசென்ஸ் உள்ள கம்பெனி மேல அங்க புகார் குடுக்கலாம், முன்னாடி பங்கு முதலீட்டு தகராறுக்கு சிட்ரெக்னு இருந்தத சேத்து அமைச்சது. வெளிநாட்டு நியூஸ்லெட்டர்னா இங்க எந்த கதவ போய் தட்டுறது?

"இது கல்வி நோக்கத்துக்கு மட்டும், வாங்க விக்க சொல்லல"ன்னு கீழ ஒரு வரி போட்டுட்டு மேல எந்த விலையில நுழையணும் எந்த விலையில வெளிய வரணும்னு நம்பர் போடுறவங்க இருக்காங்க. கூட்டு (சீட்டு) பிடிக்கிறதுகூட 1971லயே சட்டம் போட்டு தடுத்த விஷயம், சட்டத்துக்கு பேரே நம்ம கூட்டு, ஆனா எந்த தோட்டத்து லயத்துல நடக்கல சொல்லுங்க. எல்லாரும் செய்யிறாங்கங்கறதால காசு போனா எவனும் திருப்பித் தரப்போறதில்ல.

டெலிகிராம் விஐபி குரூப்ப பத்தி ரொம்ப எழுத மாட்டேன். மாசம் 50 வெள்ளி, நூறு வெள்ளின்னு மலிவா இருக்கும், லைசென்ஸ் உள்ள கம்பெனி பேரையும் சின்னத்தையும் அப்படியே காப்பி அடிச்சு போட்டிருப்பாங்க, காச ஏதோ ஒரு தனி ஆளு பேங்க் அக்கவுண்டுக்கு அனுப்பச் சொல்லுவாங்க. அந்த எடத்துலயே நிறுத்திடுங்க. போலீஸோட செமாக் மியூல் தளத்துல அக்கவுண்ட் நம்பர போட்டு பாக்கலாம், ஏற்கனவே அனுப்பித் தொலைச்சிருந்தா உடனே மோசடி புகார் மையத்தோட 997 நம்பருக்கு அடிங்க, நாளைக்கு பாத்துக்கலாம்னு தூங்கப் போகாதீங்க. எங்க தாமான் குடியிருப்புல ஒரு டீச்சரம்மா பென்ஷன் காசுல பதினோராயிரம் இப்படி போச்சு, பையனுக்கு தெரியக்கூடாதுன்னு ஒரு வாரம் சும்மா இருந்துட்டாங்க.

இனி ஓசியில கிடைக்கிறது. புரோக்கர் அக்கவுண்ட் திறந்தாலே அவங்களோட ஆய்வு அறிக்கைங்க வரும், காசு கிடையாது, அதுல பெரும்பாலும் வாங்குன்னுதான் இருக்கும், வித்துடுன்னு எழுதுனா அந்த கம்பெனிக்காரன் முகம் கோணும்னு எல்லாருக்கும் தெரியும், அதனால நான் கடைசி வரிய படிக்கிறதில்ல, நடுவுல இருக்கிற கம்பெனி விவரத்த மட்டும் படிப்பேன். பூர்சா தளத்துல ஒவ்வொரு கம்பெனியும் காலாண்டு முடிஞ்ச ரெண்டு மாசத்துக்குள்ள கணக்கு போட்டே ஆகணும், என் நியூஸ்லெட்டர்ல வந்த பத்து பக்கத்துல ஏழு பக்கம் அங்க இருந்து எடுத்ததுதான்னு ரெண்டாவது வருஷத்துலதான் எனக்கு உறைச்சது. அப்புறம் மைனாரிட்டி ஷேர்ஹோல்டர்ஸ் வாட்ச் குரூப்னு ஒண்ணு, 2000ல அமைச்சது, சின்ன பங்குதாரங்களுக்காக ஆண்டுக் கூட்டத்துல கம்பெனிய கேள்வி கேக்குறவங்க, வாரா வாரம் ஒரு மடல் வெளியிடுறாங்க, ஓசி. எந்த பங்க வாங்கணும்னு அதுல இருக்காது, ஆனா ஒரு கம்பெனிகிட்ட என்ன கேக்கணும்னு கத்துக்குடுக்கும். முதலாளியோட தம்பி கம்பெனிக்கு ஏன் இவ்வளவு கடன் குடுத்தீங்க மாதிரி கேள்விங்க. எனக்கு 588 வெள்ளி சரக்கவிட இதுதான் ஒட்டுச்சு.

பொறுக்கவே வேணாம்னா இன்னும் சுலபம். இபிஎஃப்ல சட்டப்படி குறைஞ்சது 2.5 சதவீதம் உறுதி, 2020ல 5.20, 2021ல 6.10, 2022ல 5.35, 2023ல 5.50, 2024ல 6.30. சொந்தமா வருஷத்துக்கு ஒரு லட்சம் வரைக்கும் போடலாம். ஆனா போடுற காசு மூணா பிரியும், நூத்துக்கு 75 ஓய்வுக்கு, 15 இன்னொண்ணுக்கு, 10 மட்டுந்தான் நினைச்சப்ப எடுக்கிற கணக்குல, அடுத்த வருஷம் மோட்டோ வாங்கணும்னு வச்சிருக்க காச அங்க கொண்டு போய் பூட்டிட்டு என்னை திட்டாதீங்க. அமானா சஹாம் மலேசியான்னு ஒரு யூனிட் டிரஸ்ட் இருக்கு, ஒரு யூனிட் எப்பவும் 1 வெள்ளி, எல்லா மலேசியருக்கும் உண்டு, நம்ம ஆளுங்களுக்கு ஒதுக்குன யூனிட் எப்ப போனாலும் தீந்துபோச்சும்பாங்க, தினம் காலையில முயற்சி பண்ணா பத்து இருவதுன்னு கிடைக்கும், பொறுமை உள்ளவங்களுக்கு. பங்குதான் வேணும்னா சந்தையில பெரிய 30 கம்பெனியையும் மொத்தமா ஒரே யூனிட்ல வாங்குற இடிஎஃப் இருக்கு, 2007ல இருந்து ஓடுது. அந்த 30 கம்பெனியோட குறியீடான கேஎல்சிஐ போற எடத்துக்குத்தான் அது போகும், கேஎல்சிஐ ரொம்ப வருஷமா எங்கயும் பெருசா போகலங்கறதையும் சொல்லிடணும், இபிஎஃப்ப பாத்து பொறாமப்படுற நிலைமதான்.

எங்க பாட்டி கதை ஒண்ணு. 1960ல துரைமாருங்க தோட்டத்த துண்டு துண்டா வித்துக்கிட்டு இருந்தப்ப, நம்ம சுங்கை சிப்புட்காரரு துன் சம்பந்தன் தேசிய நில நிதி கூட்டுறவுச் சங்கத்த ஆரம்பிச்சாரு, பாட்டி பால் வெட்டுன சம்பளத்துல பத்து வெள்ளி பத்து வெள்ளியா கட்டி பங்கு சேத்தாங்க. பாட்டிக்கு கையெழுத்து போடத் தெரியாது, ஆனா என்ன வாங்குறோம்னு தெரியும், மரம், நிலம், தினமும் காலால மிதிக்கிற சரக்கு. எண்பதுகள்ல எங்க அப்பா இன்னொரு கம்பெனி பங்கு வாங்குனாரு, அது என்ன செய்யுதுன்னு அவருக்கு சாகுற வரைக்கும் தெரியாது, மேடையில பேசுனவங்க நம்ம இனத்துக்காகன்னு சொன்னாங்க, அம்மாவோட வளையல் அடகுக்கு போச்சு. பத்திரம் இன்னும் எங்க வீட்டு அலமாரியில இருக்கு. யாரோ சொன்னாங்கன்னு வாங்குறதுல எனக்கு இருக்கிற எரிச்சல் அங்க இருந்து வந்ததா இருக்கலாம், அதையும் கழிச்சுட்டு படிங்க.

அப்ப யாருதான் வாங்கலாம்னா, என் கணக்கு இதுதான், சந்தா போட்டிருக்க காசுல ஒரு சதவீதத்துக்கு மேல போகக்கூடாது, 588ன்னா கையில அறுபதாயிரமாவது பங்குல இருக்கணும். லைசென்ஸ் இருக்கணும், முழு பட்டியல் இருக்கணும், எழுதுறவரு அந்த பங்க முன்னாடியே வாங்கி வச்சிருக்காரா, எத்தன நாள் கழிச்சு விப்பாருன்னு வெளிப்படையா சொல்லணும், பெரிய கம்பெனிங்கள பத்தி எழுதணும். அப்பக்கூட மொத மூணு மாசம் ஒண்ணும் வாங்காம 555ல எழுதிப் பாருங்க, வெள்ளிக்கிழமை விலைய எழுதாதீங்க, இமெயில் வந்த மறுநாள் உங்களுக்கு போன் பாக்க நேரம் கிடைக்கிற நேரத்துல என்ன விலையோ அத எழுதுங்க. ஷிப்ட் வேலை செய்யிறவனுக்கு அது சாயந்தரம் 4 மணி விலையா இருக்கும், அந்த விலையில லாபம் வந்தா மட்டும் மேல யோசிங்க. படிச்சு கத்துக்கணும்ங்கற ஆசைக்காக ஒரு வருஷம் மட்டும் வாங்குறேன்னு ஒருத்தன் சொன்னா நான் தடுக்க மாட்டேன், ஆனா அது முதலீட்டு கணக்குல சேராது, பந்து பாக்க ஆஸ்ட்ரோ டிவிக்கு கட்டுற மாதிரி செலவு.

மருமவனுக்கு இத்தனையும் சொன்னேன். ரெண்டாயிரத்த இபிஎஃப்ல போட்டுட்டு ஆயிரத்த பேங்க்லயே வச்சிட்டு மிச்ச ஆயிரத்துல ஒரே ஒரு பங்கு, அவனே கணக்க படிச்சு வாங்குறேன்னு ஒத்துக்கிட்டான், புதுசா ஒரு 555 வாங்கி மொத பக்கத்துல தேதியும் போட்டு போட்டோ அனுப்பியிருந்தான். எனக்கு பெருமையாத்தான் இருந்துச்சு. நேத்து அக்கா வீட்டுக்கு போனப்ப இத சொல்லிக்கிட்டு இருந்தேன், அக்கா மீன் கழுவிக்கிட்டே திரும்பிக்கூட பாக்காம சொல்லுச்சு, "ரெண்டு பேரும் நோட்டு போட்டு எழுதுங்கடா. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அந்த காசுக்கு ஒரு சங்கிலி வாங்குடான்னு சொன்னேன், கேட்டானா? இப்ப தங்கம் என்ன விலைன்னு உன் புக்குல பாத்து சொல்லு."

என் புக்குல அதுக்கு பக்கம் இல்ல.